வாசல் தாண்டிப் போன எண்ணெய்ச் சொம்பு

என் மகள் புது போன் வாங்கியதும் பழையதை என்னிடம் விட்டுப் போனாள். கண்ணாடியின் ஒரு மூலையில் விரிசல் இருந்தது, மற்றபடி நல்ல போன். என் மனைவியின் கருமாதி முடிந்த மறுநாள், மலையிறங்கும் ஜீப்பில் ஏறிக்கொண்டே அதை என் கையில் வைத்து, "சார்ஜ் போட்டு வெச்சிக்கோப்பா. நான் கூப்புட்டா எடுக்கணும், இன்னா?" என்றாள். ஆலங்காயத்துப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண். அங்கே மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, அதற்கு மேல் அவளால் தங்க முடியாது. ஜீப் வளைவில் மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கொட்டாயில் ஆட்டுக்குட்டி ஒன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அந்தப் போன் டிங்கென்று ஒரு சத்தம் போட்டது. மகள்தான் என்று ஓடி எடுத்தேன். மகள் இல்லை. "நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்" என்று எழுதியிருந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே வரி. யாரோ என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். துக்கத்தில் இருக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் தனக்குச் சொன்னது போலத்தான் இருக்கும். மகளிடம் கேட்டபோது அவள் சிரித்தாள்.

"அது நான் கல்யாணத்துக்கு முன்னாடி சேந்த கம்ப்யூட்டர் க்ளாஸ்ப்பா. இலவசம். கொஞ்சம் பாத்தேன், அப்பால வுட்டுட்டேன். அத சத்தம் வராத மாதிரி பண்ணிடு."

எப்படிப் பண்ணுவதென்று எனக்குத் தெரியவில்லை. தவிர, தினமும் ஒருவர் வந்து கூப்பிடும்போது பதில் பேசாமல் இருப்பது மரியாதையில்லை என்றும் பட்டது. சில நாள் விட்டுப் பார்த்தேன். பிறகு ஒருநாள் குளித்து, விபூதி பூசி, போனுக்கும் ஒரு கீற்று விபூதி வைத்து, ஆத்தாவை நினைத்துக்கொண்டு அந்த வரியைத் தொட்டேன்.

அப்போது என் மனதில் வேறொரு குறை இருந்தது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் ஆத்தா கோயிலுக்குத் தினசரி பூசாரி கிடையாது. திருவிழாவுக்குத்தான் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டு முறை. ஒரு பித்தளைச் சொம்பு நிறைய இலுப்பை எண்ணெய், அதன் கழுத்தில் ஒரு திரிக்கட்டு. அந்தச் சொம்பு யார் வீட்டுக்கு வருகிறதோ அன்றைக்கு அவர்கள் முறை. கோயிலைப் பெருக்கி, சாணி தெளித்து, கோலம் போட்டு, பொழுது சாய விளக்கேற்ற வேண்டும். மறுநாள் காலையில், குறைந்த எண்ணெயைத் தன் வீட்டு எண்ணெயால் நிரப்பி, அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். குறைந்த சொம்பு வாசல் தாண்டக் கூடாது என்பது ஊர்க் கட்டு. யார் முறை என்று எங்கும் எழுதி வைத்ததில்லை. தனக்கு அடுத்த வீடு எது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும், அவ்வளவுதான்.

எங்களுக்கு முந்தினது மேட்டு வீடு. அங்கே இருப்பவர் எனக்கு அண்ணன் முறை. அவர் மனைவி, அண்ணி, சொம்பைக் கொண்டுவந்து என் மனைவியின் கையில் கொடுப்பார். என் மனைவி மறுநாள் அதை எங்களுக்கு அடுத்த ஜீப்காரர் வீட்டில் கொடுப்பாள்.

சாவு விழுந்த வீட்டுக்குத் தீட்டு கழிகிற வரையில் சொம்பு வராது. அது சரிதான். கருமாதி முடிந்துவிட்டால் திரும்ப வர வேண்டும். எனக்கு வரவில்லை. முறை வந்த அன்று காலையில் குளித்துவிட்டு வாசலில் நின்றேன். அண்ணி மேட்டிலிருந்து சொம்போடு இறங்கினார். என் வாசல் நெருங்கியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, எட்டி நடை போட்டு ஜீப்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்த சுற்றில் நான் வாசலில் நிற்கவில்லை. உள்ளேயிருந்து அவர் கொலுசுச் சத்தம் வேகமாகப் போவதைக் கேட்டேன்.

யாரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கூழும் களியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாமை அறுக்கக் கூப்பிடாமலே வந்தார்கள். 'பொம்பள இல்லாத வூடு, பாவம், அவருக்கு எதுக்கு அந்த செரமம்' என்று ஊர் இரக்கப்பட்டது. அது என் காதிலும் விழுந்தது. கோபப்பட்டால் சண்டை போடலாம், இரக்கப்படுகிறவர்களிடம் என்ன பேசுவது? கேட்டு வாங்கவும் மனசு வரவில்லை. கேட்டு வாங்கினால் அது முறையா? என் மனைவி இலுப்பைக் கொட்டை பொறுக்கிக் காயவைத்து, கீழே செக்கில் கொடுத்து ஆட்டி வந்த எண்ணெய் ஒரு கேனில் சாமி மாடத்துக்குக் கீழே இருந்தது. ஆத்தாவுக்கென்று வைத்ததை வேறு எதற்கும் தொடக் கூடாது. நான் தினமும் அந்தக் கேனைத் துடைத்து வைப்பேன். என் வாசலில் அந்தச் சொம்பு இறங்க வேண்டும். அந்த நாட்களில் நான் ஆத்தாவிடம் கேட்டது அது ஒன்றுதான்.

போனில் பாடம் நடத்தியவர் ஒரு பெண். முகம் வராது. கறுப்புப் பலகை போல ஒரு படமும் குரலும் மட்டும்தான். "வணக்கம், எப்படி இருக்கீங்க?" என்று ஆரம்பிப்பார். முதல் நாள் நான் என்னையறியாமல் "நல்லா கீறேன்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது. கொட்டாய்க்குப் பின்னால் பலா மரத்தடியில் ஒரு கல் உண்டு, அங்கே உட்கார்ந்தால்தான் படம் ஓடும். ஆடுகள் மட்டும்தான் பார்த்தன. மறுநாளிலிருந்து கூச்சம் போய்விட்டது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அந்தம்மா "புரிஞ்சுதா?" என்பார். "புரியலம்மா" என்பேன். "ரொம்ப நல்லது, அடுத்ததுக்குப் போகலாம்" என்பார். நான் தலையிலடித்துக்கொண்டு திரும்ப முதலிலிருந்து ஓட்டுவேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். ஆங்கில எழுத்து தெரியும், ஆங்கிலம் தெரியாது. கம்ப்யூட்டருக்குச் சொல்வதை அந்த எழுத்தில்தான் எழுத வேண்டும். பாடத்தின் கீழேயே எழுதிப் பார்க்க ஒரு கட்டம் இருக்கும். எழுதிவிட்டு 'ரன்' என்ற பச்சைப் பொத்தானைத் தொட்டால் அது சொன்னபடி செய்யும், அல்லது சிவப்பாக நாலு வரி திட்டும். எனக்குத் திட்டுத்தான் அதிகம். இரண்டு புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்திருப்பேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு 'லூப்' என்று பெயர். அதற்கு அந்தம்மா லிஃப்ட்டை உதாரணம் காட்டினார். நான் லிஃப்ட்டில் ஏறியதில்லை. புளிய மரத்தில் பழம் இருக்கிற வரைக்கும் கிளையை உலுக்கு, பழம் தீர்ந்தால் இறங்கு என்று நானாக மாற்றி வைத்துக்கொண்டேன். அப்படி வைத்தபின் புரிந்தது.

புளி மூட்டைகளோடு புதூர்நாட்டுச் சந்தைக்குப் போகும்போது ஜீப்காரர் ஆரம்பித்தார். அவர் எனக்கு மாப்பிள்ளை முறை, கேலிக்கு உரிமை உண்டு.

"இன்னா மாமா, பலா மரத்தாண்ட குந்திக்கினு யார் கூட பேசிக்கினு கீறீங்க? பொண்ணு கிண்ணு பாக்கறீங்களா?"

"பாடம் கேக்கறேன் மாப்ள."

"இன்னா பாடம்?"

"கம்ப்யூட்டர்."

ஜீப்பே குலுங்கியது. பின்னால் பலாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கத்துக்கினு இன்னா பண்ணப் போறீங்க? கரடிக்கு ஈமெயில் அனுப்பப் போறீங்களா?"

"வர்ற வருசம் புளிய அதுவே உலுக்குமாண்டா, கேளு," என்றார் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒருவர்.

நானும் சேர்ந்து சிரித்தேன். ஜீப்பில் அத்தனை பேர் சிரிக்க, நடுவில் உட்கார்ந்திருப்பது நன்றாகக்கூட இருந்தது. இறங்கும்போது ஜீப்காரர் என் மூட்டையைத் தானே தூக்கி வைத்து, "பேஜார் பண்றேன்னு நெனச்சிக்காதீங்க மாமா," என்றார்.

மகளும் ஒருநாள் போனில் கேட்டாள். "அப்பா, நீ இன்னும் அத பாக்கறியா? எதுக்குப்பா?"

எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை. "அவங்க தினமும் கூப்புடறாங்கம்மா," என்றேன்.

"நானுந்தான்ப்பா தினமும் கூப்புடணும்," என்றாள். குரல் மாறிவிட்டது. நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. அதை எப்படி எடுத்துச் சொல்வதென்று தெரியாமல், ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மழைக்காலம் பிறந்தபோது 'லிங்க்டு லிஸ்ட்' என்ற பாடம் வந்தது. அந்தம்மா ரயில் பெட்டி படம் போட்டார். ஒவ்வொரு பெட்டியும் தனக்குள் ஒரு சரக்கு வைத்திருக்கிறது, கூடவே அடுத்த பெட்டி எங்கே என்பதையும் வைத்திருக்கிறது. மொத்த வரிசையும் எந்தப் பெட்டிக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். அடுத்தது தெரிந்தால் போதும், முதலிலிருந்து கடைசி வரை போய்விடலாம்.

நான் கல்லை விட்டு எழுந்துவிட்டேன். இது எங்கள் சொம்பு! ஊரில் எவரும் எழுதி வைக்காமல், அடுத்த வீட்டை மட்டும் தெரிந்துகொண்டு நடத்துகிற அதே காரியம். இத்தனை நாள் படித்ததில் முழுதாகப் புரிந்த முதல் பாடம் அதுதான். "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுதும்மா, நல்லா புரிஞ்சுது," என்று சத்தமாகவே சொன்னேன்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு வரிசையை இப்படி எழுதிப் பாருங்கள் என்பது வீட்டுப்பாடம். நான் எங்கள் ஊர் விளக்கு முறையை எழுதினேன். மேற்கோள் குறிக்குள் போட்டால் அது தமிழையும் வாங்கிக்கொள்ளும் என்று அன்றுதான் கண்டுபிடித்தேன். 'ஊர்க்கவுண்டர் வீடு', அதற்கு அடுத்தது 'புளிய மரத்து வீடு', அதற்கு அடுத்தது 'கிணற்று வீடு' என்று ஒவ்வொரு காலையாகச் சொம்பு நடந்து போவதை மனதில் ஓட்டிக்கொண்டே எழுதினேன். கடைசி வீட்டுக்கு வந்ததும் 'அடுத்தது ஒன்றுமில்லை' என்று போட வேண்டும் என்பது பாடம். எனக்கு அது தப்பாகப் பட்டது. கடைசி வீட்டுக்கு அடுத்தது எப்படி ஒன்றுமில்லாமல் போகும்? அங்கிருந்து சொம்பு திரும்ப ஊர்க்கவுண்டர் வீட்டுக்குத்தானே போகிறது? அப்படியே எழுதிப் பச்சைப் பொத்தானைத் தொட்டேன்.

வீடுகள் வரிசையாக வந்தன. எங்கள் ஊர் வீடுகள், தமிழில், அந்தக் கறுப்புக் கட்டத்தில். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனால் அது நிற்கவில்லை. கடைசி வீடு வந்ததும் மறுபடி ஊர்க்கவுண்டர் வீடு, மறுபடி புளிய மரத்து வீடு என்று கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் வீடுகள் மேலே மேலே ஓடிக்கொண்டேயிருந்தன. போன் சுட ஆரம்பித்தது. எங்கே தொட்டாலும் கேட்கவில்லை. மகள் கொடுத்த பொருளைக் கெடுத்துவிட்டேனே என்று பயந்து, அணைக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, ஆத்தா" என்று நின்றேன். ஒருவழியாக அணைந்தது. அன்று முழுக்க அதைத் திறக்கப் பயந்து, சாமி மாடத்தில் வைத்திருந்தேன்.

பாடத்தோடு கேள்வி கேட்கிற இடம் ஒன்று உண்டு. படிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தரலாமாம். உள்ளே போனால் கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த இடம் மாதிரி இருந்தது. எப்போதோ கேட்ட கேள்விகள், பாதிக்குப் பதில் இல்லை. "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே ஒன்றுமே இல்லை. எழுதி எவ்வளவு காலம் ஆயிற்றோ, அவர் இப்போது எங்கேயோ. இருந்தாலும் அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. "நான் இருக்கிறேன்" என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் என் கேள்வியைப் போட்டேன். எழுதிய பட்டியலை அப்படியே வைத்து, இது எங்கள் ஊர்க் கோயில் விளக்குமுறை, ஓட ஆரம்பித்தால் நிற்கவில்லை, என்ன தப்பு என்று கேட்டேன்.

சில நாள் ஒன்றும் வரவில்லை. வராது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு காலையில் ஆட்டுக்குத் தழை வெட்டிப் போட்டுவிட்டுப் பார்த்தால் பதில் வந்திருந்தது. யார் என்று தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு செம்பருத்திப் பூ இருந்தது. என் கணக்கு மகள் பெயரில் இருப்பதால் என்னைப் பெண் என்று நினைத்து எழுதியிருந்தார்கள்.

"மேடம், உங்கள் பட்டியல் வட்டமாக இருக்கிறது. அது தப்பில்லை. திரும்பவும் முதல் வீட்டுக்கு வந்ததும் நிற்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள், சரியாகிவிடும். படிக்கவே அழகாக இருக்கிறது. இதில் உங்கள் வீடு எது?"

எது என்று சொல்வதற்காகப் பட்டியலை மேலிருந்து படித்தேன். கிணற்று வீடு. மேட்டு வீடு. அடுத்தது ஜீப்காரர் வீடு.

இன்னொரு தரம் படித்தேன். இல்லை.

நான் என் வீட்டை எழுதவில்லை. யாரும் அழிக்கச் சொல்லவில்லை. சொம்பு நடக்கிற வழியை நினைத்துக்கொண்டே எழுதினேன் அல்லவா, அண்ணி எட்டி நடை போட்டுத் தாண்டியது போலவே நானும் என் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். வெந்த கல்லில் உட்கார்ந்தது போல இருந்தது. ஊர் என்னை மறந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு கனல் வைத்து ஊதிக்கொண்டிருந்தவன் நான். இப்போது யாரை நோவது? "என் வீடு இதில் இல்லைங்க" என்று பதில் எழுதினேன். செம்பருத்திப் பூக்காரர் அதற்குப் பிறகு வரவில்லை. அவருக்கும் ஏதாவது வேலை வந்திருக்கும்.

அடுத்த பாடம், வரிசையிலிருந்து ஒன்றை எடுப்பது. அந்தம்மா மூன்று பெட்டி வரைந்தார். நடுப் பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் அதைத் தொடவே வேண்டாமாம். முதல் பெட்டியிடம், உனக்கு அடுத்தது இனிமேல் மூன்றாவது என்று சொன்னால் போதும். "நடுவுல இருந்தது எங்கயும் போகல. அங்கயேதான் இருக்கு. அதுக்கு அடுத்தது எதுன்னு இப்பவும் அதுக்குத் தெரியும். ஆனா அதுகிட்ட வர்றதுக்குத்தான் வழி இல்ல. புரிஞ்சுதா?"

படத்தை நிறுத்திவிட்டேன். பனி இறங்கி ஆடுகள் கொட்டாய்க்குள் போகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாமை வேகவைக்கவில்லை. வீட்டில் விளக்கு மட்டும் ஏற்றினேன்.

மறுநாள் மீதியைப் பார்த்தேன். எடுத்ததைத் திரும்பச் சேர்ப்பது. அதற்கும் மொத்த வரிசையை ஆட்டவே வேண்டாம். இரண்டே வேலைதான். ஆனால் எது முதலில் என்பது முக்கியம். வருகிற பெட்டி, தனக்கு அடுத்ததை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் முந்தின பெட்டி இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். மாற்றிச் செய்தால் பின்னால் இருக்கிற பெட்டியெல்லாம் கழன்றுவிடும். கட்டத்தில் அப்படியே செய்தேன். மேட்டு வீடு, எங்கள் வீடு, ஜீப்காரர் வீடு. ஓட்டிப் பார்த்தேன். முதல் வீட்டுக்கு வந்து நின்றது.

போனில் சேர்த்தாயிற்று. வாசலில்? மொத்த ஊரையும் கேட்க வேண்டும், பஞ்சாயத்து கூட வேண்டும் என்றெல்லாம் நினைத்துத்தான் வாய் திறக்காமல் இருந்தேன். இரண்டு வீடுதான் என்று இப்போது தெரிந்தது. பாடத்தில் சொன்ன வரிசைப்படி முதலில் ஜீப்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் டயரில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, வர்ற முறைக்கு சொம்ப நான்தான் உங்களுக்குக் கொண்டாந்து தருவேன்."

"மேட்டு வூட்டு அக்காதான தருவாங்க?"

"இல்ல. எங்க வூட்டுக்கு வந்துட்டு அப்பால இங்க வரும்."

கையில் துணியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் சொல்லிச்சா மாமா?"

"ஆமா மாப்ள."

அவர் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "யார் கொண்டாந்தா இன்னா, எண்ணெ ரொம்பி இருக்கணும். கோலம் யாரு போடுவாங்க?"

"நான்தாம்மா."

"நீங்களா! பாத்துப் போடுங்க, ஆத்தா மெரண்டு எழுந்து போய்டப் போறா."

அங்கிருந்து மேட்டு வீட்டுக்கு ஏறினேன். இந்த மேடு எத்தனையோ முறை ஏறியதுதான், அன்று மூச்சு வாங்கியது. அண்ணி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க தம்பி. அவரு கொல்லை வேலைக்குப் போயிருக்காரு."

"உங்களத்தான் பாக்க வந்தேன் அண்ணி. அடுத்த முறைக்கு சொம்ப எங்க வூட்டுல குடுத்துட்டுப் போங்க."

முறத்தை மறுபடி எடுத்தார், புடைக்கவில்லை.

"நான் வேணும்னு தாண்டிப் போவல தம்பி."

"தெரியும் அண்ணி."

"இன்னா தெரியும் உங்களுக்கு? ஒவ்வொரு தரமும் அவ படியில நின்னுக்கினு இருப்பா. சொம்ப கையில வாங்கறதுக்கு முன்னாடியே, 'இன்னாக்கா இவ்ளோ லேட்டு'ன்னு கேப்பா. வெடியக்காலமே போனாலும் அதத்தான் கேப்பா. அந்த வாசல்ல சொம்ப வெச்சிட்டு, யாரும் ஒண்ணும் கேக்காம நான் எப்டி திரும்பி வர்றது?"

ஊர் இரக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவருக்கு இது இப்படி இருந்திருக்கிறது. என் வாசலில் எனக்கு மட்டும்தான் ஆள் இல்லை என்று இருந்துவிட்டேன்.

"நான் கேக்கறேன் அண்ணி," என்றேன்.

"இன்னா கேப்பீங்க?"

"இன்னா இவ்ளோ லேட்டுன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது வேறாக மாறி, முறத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சாமை தரையில் கொட்டியது. கோழிகள் ஓடிவந்தன. கொஞ்சம் பொறுத்து முறத்துக்குப் பின்னாலிருந்தே கேட்டார், "ஊர்க்கவுண்டர் ஏதாச்சும் சொன்னா?"

"அவரு வூட்டுக்கும் அதே சொம்புதான வருது. ரொம்பி வந்தா அவரு இன்னா கேக்கப் போறாரு?"

"அதுவும் சரிதான். போங்க, கோலம் போட்டுப் பழகுங்க."

பழகினேன். கொட்டாய்ப் பக்கம் ஆடு மிதிக்காத இடமாகப் பார்த்து, மாவு வீணாகக் கூடாது என்று சாம்பலில் போட்டுப் பழகினேன். புள்ளி நேராக வந்தால் கோடு கோணும், கோடு நேராக வந்தால் புள்ளி தப்பும். என் மனைவி பேசிக்கொண்டே, என்னைத் திட்டிக்கொண்டேகூடப் போடுவாள். ஒருநாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

முறை வந்த காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் முதல் படியில் நின்றேன். அண்ணி மேட்டிலிருந்து இறங்கினார். முந்தானையைச் செருகிக்கொள்ளவில்லை, மெதுவாகத்தான் வந்தார். வாசலுக்கு வந்து நின்று சொம்பை நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் போகாமல் நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. பிறகுதான் வந்தது. "இன்னா அண்ணி, இவ்ளோ லேட்டு?" என்றேன்.

"வழியெல்லாம் வழுக்குது தம்பி. மெதுவாத்தான வர முடியும்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மேடு ஏறும்போது ஒருமுறை முகத்தைத் துடைத்தார். தூறலும் இருந்தது, எதைத் துடைத்தார் என்று எனக்கு இங்கிருந்து தெரியவில்லை.

கோயிலில் நான் மட்டும்தான் இருந்தேன். பெருக்கினேன், சாணி தெளித்தேன். கோலம் ஒரு பக்கம் தாழ்ந்துதான் வந்தது. பொழுது சாய விளக்கேற்றினேன். காற்றில் திரி ஆடியது, கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டேன். நிலைத்து எரிய ஆரம்பித்ததும் விழுந்து கும்பிட்டேன். ஆத்தாவிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது, அது வந்துவிட்டது. வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியில் போன் அந்த வரியைச் சொல்லிக் கூப்பிட்டது. நாளைக்கு வர்றேன்மா என்று அணைத்து வைத்தேன்.

காலையில் சாமி மாடத்துக்குக் கீழேயிருந்த கேனை எடுத்தேன். அவள் போன பிறகு முதல் முறையாக மூடியைத் திருகினேன். இலுப்பை வாசனை வீடு முழுக்க எழுந்தது. ஒரு சொட்டு சிந்தாமல், சொம்பின் கழுத்து வரை ஊற்றினேன். ஜீப்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவர் மனைவி வாங்கி, உள்ளே குனிந்து பார்த்து, "ரொம்பித்தான் கீது," என்றாள். கோலத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. போய்ப் பார்த்திருப்பாள்.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். வீடு எப்போதும் போலத்தான் இருந்தது. கேனைத் துடைத்து மாடத்துக்குக் கீழே வைக்கும்போது தூக்கிப் பார்த்தேன். கொஞ்சம் இலகுவாகியிருந்தது. இனி ஒவ்வொரு சுற்றுக்கும் குறையும். இலுப்பைக் கொட்டை விழுகிற காலத்தில், கூடை எடுத்துக்கொண்டு நான்தான் பொறுக்கப் போக வேண்டும். எந்த மரத்தடியில் அவள் பொறுக்குவாள் என்று எனக்குத் தெரியாது. அண்ணியைக் கேட்க வேண்டும்.